பின்படிக்கட்டு வழக்கு

காது கேளாதவர்களால் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. அதனால் கையாலேயே ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். அவளுக்கு அப்படிப் பெயர் வைத்தவன் அவளுடைய அண்ணன். தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு சடையை முன்னால் இழுத்துவிடுவது போல ஒரு கையசைவு. பின்னல். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அவளை அறிந்தவர்கள் எல்லாருக்கும் அவள் பின்னல்தான்.

அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவனோடு விளையாடியே அவள் சைகை கற்றாள். "இவ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே கையைத் திறந்துட்டா" என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். வளர்ந்த பிறகு அதுவே தொழிலாயிற்று. மருத்துவமனை, பள்ளிக்கூடம், வங்கி என்று காது கேளாதவர்கள் எங்கெல்லாம் போய்த் திண்டாடுகிறார்களோ அங்கெல்லாம் நடுவில் நின்று, கேட்டதைக் கையால் சொல்வாள். கையைப் பார்த்து வாயால் சொல்வாள். அண்ணன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தான். இருவருக்கும் கல்யாணம் கைகூடவில்லை. ஒரே வீட்டில் இருந்தார்கள், சண்டைக்கும் சமாதானத்துக்கும் குறைவில்லாமல்.

அது நடந்தது ஒரு மத்தியானம். நான்கு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில், மேல்மாடியில் காது மருத்துவர் இருந்தார். ஒரு குழந்தையின் அம்மாவுக்காக அங்கே போயிருந்தாள். வேலை முடிந்து திரும்பும்போது லிஃப்ட் ஓடவில்லை. பின்பக்கப் படிக்கட்டு வழியாக இறங்கினாள். அங்கே ஜன்னல் கிடையாது. பாதி வழியில் விளக்கும் இல்லை. பின்னாலிருந்து யாரோ "ஏய்" என்றார்கள். திரும்பிப் பார்க்காமல் நடையை எட்டிப் போட்டாள். மறுபடி "ஏய்". அவள் நிற்கவில்லை. அப்போது சடை பிடிபட்டது. தலை பின்னால் போயிற்று. ஒரு வாய் காதை ஒட்டி வந்து சொன்னது:

"இப்பவாவது காது கேக்குதா?"

பிறகு கத்தி. அவள் முகத்துக்குக் குறுக்கே வலது கையை வைத்தாள். கைப்பை போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே வந்து சேர்ந்தபோது வாசலில் நின்றிருந்தவர்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்கள்.

ஆளைச் சீக்கிரமே பிடித்துவிட்டார்கள். அந்தப் படிக்கட்டுக்கு அடியில், பழைய நாற்காலிகள் போட்டு வைத்த இடத்தில், அவன் மாதக்கணக்கில் படுத்துக்கிடந்திருக்கிறான். பின்கதவின் பூட்டு வேலை செய்யாததால் அவனுக்கு அது வீடாகிவிட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டான். சிறைக்குப் போனான். அந்த வழக்கில் அவள் ஒரு சாட்சி, அவ்வளவுதான். கூண்டில் ஏறினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், இறங்கினாள். அவனுக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று எல்லாரும் பேசினார்கள். அவளுக்கு என்ன என்று கேட்பது அந்த நீதிமன்றத்தின் வேலையாக இல்லை.

ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. "ஏதாவது பேசினானாம்மா?" என்று போலீஸ்காரர் கேட்டபோது "இல்லைங்க" என்றுவிட்டாள். அந்த வாக்கியத்தை வெளியே எடுக்க அவளுக்குப் பயம். காது கேட்கிறதா என்று அவன் ஏன் கேட்டான்? அவளை அவனுக்குத் தெரியுமா? அண்ணனைத் தெரியுமா? தெருவில், கடையில், எங்கேயோ இருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தானா? சொல்லாமல் வைத்திருந்தால் அது பிரமையாகவே இருந்துவிடும் என்று நினைத்தாள். ஆனால் அது அப்படி இருக்கவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீரோடு வந்தது. பேருந்தில் பின்சீட்டில் யாராவது இருமினால் அதற்குள் இருந்தது. 

சடையைக் கழுத்தளவுக்கு வெட்டிப் போட்டுவிட்டாள். அதனால் என்ன ஆயிற்று? ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் காது கேளாத நண்பர்கள் தூரத்திலிருந்தே அவளைப் பார்த்துக் கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சடையை இழுத்தார்கள். அன்பாகத்தான் இழுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அவளுக்குப் பிடரியில் சுரீர் என்றது. கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

கைக்குத் தையல் போட்ட மருத்துவர் நல்லவர். நரம்புகளை முடிந்த மட்டும் சேர்த்துவிட்டதாகவும், அன்றாட வேலைகளுக்குப் பிரச்சினை இருக்காது என்றும் சொன்னார். உண்மைதான். கரண்டி பிடிக்க முடிந்தது, கதவு திறக்க முடிந்தது. ஆனால் ஆள்காட்டி விரல் முழுதாக நிமிரவில்லை; மோதிர விரல் சொன்னதைக் கேட்கவில்லை. பேச்சில் திக்குவாய் போல அவள் கை திக்கியது. அப்படியும் வேலைக்குத் திரும்பினாள்.

ஒரு பெரியவருக்கு வயிற்றில் கட்டி. பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு மருத்துவர், "பயப்பட ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்க" என்றார். அவள் சொன்னாள். 'இல்லை' என்பதற்கு விரல் நிமிர்ந்து வெட்ட வேண்டும். நிமிரவில்லை. பெரியவர் அவள் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு தன் மனைவியின் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தார். என்ன நேர்ந்தது என்று புரிந்து, ஒரு காகிதத்தைத் தேடி எழுதிக் காட்டுவதற்குள் அந்த அம்மாளும் அழுதுகொண்டிருந்தாள். பின்னல் அன்றைக்கே வேலையை விட்டாள்.

ஒரு வக்கீலம்மாவிடம் அவளை அழைத்துப் போனவன் அண்ணன். அவர் அவனுடைய கடைக்குக் கண்ணாடி மாற்ற வருபவர். பேசும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், மாட்டுவார், மறுபடி கழற்றுவார். அறைக்குள் நுழைந்த சற்று நேரத்தில் அண்ணன் அவருக்குத் 'துடைப்பான்' என்று கையால் ஒரு பெயர் வைத்துவிட்டான்.

"அவன்தான் ஜெயிலுக்குப் போயிட்டானே, இன்னும் என்னங்க இருக்கு?" என்றாள் பின்னல்.

"அது அரசாங்கம் அவன் மேல போட்ட வழக்கும்மா. தண்டிக்கறது அவங்க வேலை. உங்களுக்கு ஆன நஷ்டத்துக்கு நீங்கதான் கேக்கணும். அது சிவில் வழக்கு. அங்க நீங்க சாட்சி இல்ல, வாதி. உங்க வழக்கு."

"அவன்கிட்ட என்ன இருக்கு? படிக்கட்டுக்கு அடியில படுத்திருந்தவன்."

"அவன்கிட்ட ஒண்ணும் இல்ல. அவன் மேலயும் போடுவோம். ஆனா அந்தக் கட்டடத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கார். பூட்டு கெட்டிருக்கு, விளக்கு இல்ல, ஒருத்தன் உள்ளயே குடியிருக்கான். வர்றவங்களைப் பத்திரமா பாத்துக்க வேண்டியது அவர் பொறுப்பு. அவர் அசட்டையா இருந்ததாலதான் இது நடந்துச்சுன்னு காட்டிட்டா, அவரும் ஈடு குடுக்கணும்."

"காட்ட முடியுமா?"

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். "கிரிமினல் கோர்ட்ல துளி சந்தேகம் இருந்தாலும் விட்டுடுவாங்க. இங்க அவ்வளவு வேண்டாம். தராசு நம்ம பக்கம் கொஞ்சம் தாழ்ந்தாப் போதும். ஆனா ஒண்ணு. ஆபத்து இருக்குன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும்னு வரணும். 'எங்களுக்கு யாரும் சொல்லல, திடீர்னு நடந்துடுச்சு'ன்னு சொல்லிட்டா நமக்குக் கஷ்டம். உங்க அண்ணன் எழுதிக் காட்டினதுமே அந்தக் கட்டடத்து மேனேஜருக்கு ரெண்டு தடவை ஆள் அனுப்பிட்டேன். செவிடன் காதுல ஊதின சங்குதான், பதிலே—"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. பின்னல் அதை மறைக்காமல், திக்கும் கையாலேயே அண்ணனுக்குச் சொன்னாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு கையால் ஒரு பதில் சொன்னான். அவள் வாயால் சொன்னாள்:

"ஊதினவனுக்குத்தான் மூச்சு வாங்கும், எனக்கு என்ன நஷ்டம்ங்கறார்."

அதற்குப் பிறகு வக்கீலம்மா அந்தக் குடும்பத்துக்கு வேண்டியவராகிவிட்டார். சட்டம் கொடுத்திருந்த கெடு முடிவதற்கு முன்பே வழக்கைப் போட்டார். ஆனால் மேனேஜர் கொடுத்த பதிலில், வக்கீலம்மா பயந்தபடியே இருந்தது: இதற்கு முன் அந்தப் படிக்கட்டில் எதுவும் நடந்ததில்லை, யாரும் எதுவும் சொன்னதில்லை. வழக்கு அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது.

ஒரு விடுமுறை நாள் பகலில் பின்னல் சோபாவில் படுத்தபடியே தூங்கிப்போனாள். அண்ணன் எதிரே உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். அவள் வலது கை வயிற்றின் மேல் கிடந்தது. அது அசைந்தது. கையில் பேசி வளர்ந்தவர்கள் தூக்கத்தில் கையால் உளறுவது உண்டு. சின்ன வயதில் அண்ணனே உளறி அம்மாவிடம் மாட்டிக்கொண்டிருக்கிறான். அதனால் சிரித்துக்கொண்டே பார்த்தான். கை திக்கித் திக்கிச் சொன்னது. மறுபடி சொன்னது. அதையே சொன்னது. சிரிப்பு நின்றுவிட்டது. அவள் முகம் கல்லாக இருந்தது, கை மட்டும் உயிரோடு இருந்தது. அது அவளுடைய கையே அல்ல, யாரோ அவளுக்குள் இருந்து அதை ஆட்டுகிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியது.

தோளைத் தட்டி எழுப்பினான்.

"யார் உன்கிட்ட இப்படிக் கேட்டது? 'இப்பவாவது காது கேக்குதா'ன்னு?"

அவள் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். தான் பூட்டி வைத்ததை அவன் எங்கிருந்து எடுத்தான்? தன் கையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், எல்லாவற்றையும். பின்னாலிருந்து வந்த 'ஏய்', திரும்பாமல் நடந்தது, சடை, அந்த வாய்.

அண்ணன் எழுந்து அறைக்குள் இங்கும் அங்கும் நடந்தான். கடைசியில் அவள் முன்னால் வந்து நின்று, கன்னத்தில் விரலை ஊன்றித் திருகினான். அது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்த காது கேளாத ஒரு பெண்ணின் பெயர். கன்னக்குழி.

"அவ அந்தக் கட்டடத்துலதான் துடைக்கிற வேலை பார்த்தா. உனக்கு நடக்கறதுக்கு முன்னாடியே நின்னுட்டா. படியில வழுக்கி விழுந்துட்டேன்னு எல்லார்கிட்டயும் சொன்னா. அவளுக்கும் நீளச் சடை."

பின்னலுக்குப் புரிந்தது. படிக்கட்டில் அவன் கேட்டது தன்னையே அல்ல, கன்னக்குழியை.

கன்னக்குழி இப்போது ஒரு சலவைக்கூடத்தில் இருந்தாள். மருத்துவமனை விரிப்புகளை மடிக்கும் வேலை. சுற்றிலும் நீராவி, இயந்திரங்களின் இரைச்சலில் மற்றவர்கள் கத்திப் பேச வேண்டியிருந்தது, அவளுக்கு அந்தக் கவலை இல்லை. வாசலில் அண்ணனையும் தங்கையையும் பார்த்ததும் கையிலிருந்த விரிப்பைக் கீழே போட்டாள். அவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

வெளியே துணி உலர்த்தும் முற்றத்தில் வைத்துச் சொன்னாள். ஒரு நாள் படியைத் துடைத்துக்கொண்டே இறங்கியபோது அந்த ஆள் பின்னாலிருந்து தள்ளிவிட்டான். விழுந்து திரும்பிப் பார்த்தபோது அவன் வாய் கோபமாக ஆடியது. தன் காதைச் சுட்டிக் காட்டிக் காட்டித் திட்டினான். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை என்ற கோபமாக இருக்கும். அவள் எழுந்து ஓடிவிட்டாள். மேனேஜரிடம் போனாள்.

"அவருக்குப் புரிஞ்சுதா?" என்று பின்னல் கேட்டாள்.

"தொப்பைக்கா? நல்லாப் புரிஞ்சுது. நடிச்சுக் காட்டினேனே. கூடவே வந்து பின்கதவைப் பாத்தாரு. பூட்டை ஆட்டினாரு, அது கையோட வந்துச்சு. அப்புறம் வாயில விரலை வெச்சுக் காட்டினாரு. அடுத்த நாள் என்னை முன்பக்கத்துக்கு மாத்திட்டாரு. வேலை போயிடும்னு நான் வாயை மூடிக்கிட்டேன்." தான் சொன்ன வார்த்தைக்குத் தானே கசப்பாகச் சிரித்தாள். "மூடறதுக்கு எனக்கு என்ன வாய் இருக்கு?"

பிறகு பின்னலின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு தழும்பைத் தடவினாள். பேச வேண்டுமானால் அந்தக் கையை விட வேண்டும். அதனால் நெடுநேரம் பேசவில்லை. கடைசியில் விட்டுவிட்டுக் கேட்டாள்:

"உனக்குக் காது கேக்கும். அவன் என்ன சொன்னான்? அந்த வாய் தினம் கனவுல வருது. என்ன சொல்லுதுன்னே தெரியல."

பின்னல் அண்ணனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். ஆனால் அவள் சொன்னாள். கன்னக்குழி அதைப் பார்த்துவிட்டு, ஈரத் துணிகளுக்கு நடுவே அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

விசாரணை நாளில் எதிர்த்தரப்பு வக்கீல் பின்னலைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார். மரியாதையான மனிதர், குரலே உயர்த்தவில்லை.

"வராந்தாவுல உங்க அண்ணனோட பேசிக்கிட்டிருந்தீங்க. நான் பார்த்தேன். நல்லாத்தானே பேசினீங்க?"

"நல்லாப் பேசலீங்க. அவர் நல்லாப் புரிஞ்சுக்கிட்டார்."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

அவள் அந்தப் பெரியவரைப் பற்றிச் சொன்னாள். அவர் மனைவியின் தோளில் சாய்ந்ததைச் சொன்னாள். வக்கீல் மேற்கொண்டு அதைக் கிளறவில்லை.

கன்னக்குழி கூண்டில் ஏறினாள். அவளுக்கு மொழிபெயர்க்க நீதிமன்றம் வேறொருவரை அழைத்திருந்தது. வழக்கில் வாதியாக இருப்பவள் மொழிபெயர்க்கக் கூடாது. வந்தவர் கோட்டு டையோடு நேர்த்தியாக இருந்தார், ஆனால் பள்ளிக்கூடத்தில் கற்ற சைகை. கன்னக்குழியின் கையோ தெருவில் வளர்ந்தது. பூட்டைப் பற்றிய இடம் வந்தது. அவள் கை ஆட்டியதை, பூட்டு பெயர்ந்து வந்ததை, உதட்டில் விரல் வைத்ததை ஒரே வீச்சில் சொல்லி முடித்தது. மொழிபெயர்ப்பாளர், "அவர் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு அமைதியாகப் போய்விட்டார்" என்றார்.

பின்னலின் வலது கை தானாக எழுந்தது. இடது கையால் அதைப் பிடித்து மடியில் அழுத்தினாள். இத்தனை வருஷத்தில் ஒருவரின் பேச்சு தன் கண் முன்னால் தவறிப்போவதைப் பார்த்துக்கொண்டு அவள் சும்மா இருந்ததில்லை. வக்கீலம்மாவின் காதில் கிசுகிசுத்தாள். வக்கீலம்மா எழுந்தார்.

"சாட்சி கதவுக்கிட்ட என்ன பாத்தாங்களோ அதை அப்படியே செஞ்சு காட்டணும். அனுமதி வேணும்."

நீதிபதி தலையசைத்தார்.

கன்னக்குழி இறங்கி, அந்த அறையின் பெரிய கதவுக்குப் போனாள். நடக்கும்போதே வயிறு முன்னால் தள்ளியது, தோள் பின்னால் போயிற்று. அவள் மேனேஜராகவே மாறிவிட்டாள். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பூட்டைப் பிடித்தாள். ஆட்டினாள். இல்லாத பூட்டு ஒன்று அவள் உள்ளங்கையில் பெயர்ந்து வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உச்சுக்கொட்டினாள். கதவு இருந்த இடத்தில் செருகினாள், அது நிற்கவில்லை, மறுபடி செருகினாள். பிறகு திரும்பி, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து, உதட்டின் மேல் விரலை வைத்தாள். விரல் அங்கேயே நின்றது.

சிரித்தவர்கள் அடங்கிவிட்டார்கள். மேனேஜர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது சாட்சியம் இல்ல, நாடகம்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"உட்காருங்க. எனக்குப் புரிஞ்சுது" என்றார் நீதிபதி. "மேனேஜருக்கும் அன்னிக்குப் புரிஞ்சிருக்கும்னுதான் நினைக்கிறேன்."

தீர்ப்பு வர மாதங்கள் ஆயின. தாக்கியவனோடு கட்டடச் சொந்தக்காரரும் பொறுப்பு என்று வந்தது. கை வைத்தியத்துக்கு, இழந்த வேலைக்கு, இனி இழக்கப்போகும் வேலைக்கு, பட்ட வேதனைக்கு என்று தனித்தனியாக எழுதியிருந்தார்கள். மேல்முறையீடு என்று கொஞ்ச காலம் இழுத்தார்கள், பிறகு கொடுத்துவிட்டார்கள். அந்தக் கட்டடத்தின் படிக்கட்டில் இப்போது பகலெல்லாம் விளக்கு எரிகிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். அவள் போய்ப் பார்க்கவில்லை.

"இனிமேலாவது நிம்மதியா இருப்பீங்க" என்றார் வக்கீலம்மா.

"கைக்குக் குடுத்துட்டாங்க" என்றாள் பின்னல்.

நிம்மதி என்று சொல்ல முடியாது. அந்தக் குரல் போகவில்லை. ஆனால் அது தன்னைத் தேடி வந்த குரல் அல்ல, வேறொருத்திக்கு வந்து தவறி விழுந்தது என்று தெரிந்த பிறகு, வீட்டுக்குள் அது இருந்த இடம் மாறிப்போயிருந்தது. இடது கையில் பேசப் பழகினாள். "வேற யாரோ பேசற மாதிரி இருக்கு, ஆனா அந்த ஆளும் நல்ல ஆளுதான்" என்றான் அண்ணன்.

கன்னக்குழிக்கும் வழக்குப் போட உரிமை உண்டு என்று வக்கீலம்மா சொல்லி அனுப்பினார்; கெடு முடிய அதிக நாள் இல்லை. முதலில் அவள் மறுத்தாள். ஒரு வாரம் கழித்து, சலவைக்கூடத்து உடையோடு பின்னலின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இருவரும் சேர்ந்து போனார்கள். கோர்ட்டுக்கு வேறு ஆள் வைத்துக்கொள்ளலாம், இன்றைக்கு விவரம் கேட்க மட்டும்தானே, நீங்களே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள் என்றார் வக்கீலம்மா.

மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. 'அவங்க சொல்றாங்க' என்று சொல்லக் கூடாது. பேசுபவர் 'நான்' என்றால் இவர்களும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். பின்னல் அந்த விதியை ஒருநாளும் மீறியதில்லை.

வக்கீலம்மா பேனாவை எடுத்தார். கன்னக்குழியின் கைகள் எழுந்தன. பின்னல் அவற்றைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தாள்.

"நான் மேல்மாடியிலேருந்து படியைத் துடைச்சுக்கிட்டே வந்தேன். வெளிச்சம் பத்தல. வாளியைத் தூக்கிக் கீழ்ப்படியில வெச்சேன். பின்னாடி யாரோ இருக்கற மாதிரி இருந்துச்சு. நான் திரும்பல. நான்…"

அவள் குரல் உடைந்து நின்றது. வக்கீலம்மா எழுதுவதை விட்டு நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றினார்.

கன்னக்குழிக்கு அது தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி அவள் கைகள் அடுத்தடுத்த படிகளில் இறங்கிக்கொண்டே இருந்தன. பின்னல் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அவற்றின் பின்னாலேயே விரைந்தாள்.